பெட்டிக்குத் தெரியாத அண்ணாச்சி

அண்ணாச்சி வருவதை நான் ஒருநாளும் பார்த்ததில்லை. வந்திருப்பதைத்தான் பார்த்திருக்கிறேன். தென்காசி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் டீக்கடை பெஞ்சில் தனியாக உட்கார்ந்து வடையைப் பிய்த்துக்கொண்டிருப்பேன். திரும்பினால் பக்கத்தில் அண்ணாச்சி இருப்பார். அவர் கையில் டீ பாதி காலியாகியிருக்கும்.

"எப்ப வந்திய?"

"நீ மொத வடைய எடுக்கும்போதே வந்துட்டம்லா."

நான் அப்போது மூன்றாவது வடையில் இருப்பேன்.

அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினாலும் உங்களுக்கு நினைவில் நிற்காது. பத்து வருடமாக அவருக்கு டீ போட்ட மாஸ்டரே ஒருநாள் என்னிடம், "ஒங்கூட ஒருத்தர் வருவாரே, அவரு பேரு என்னடே?" என்று கேட்டார். இத்தனைக்கும் அண்ணாச்சி அப்போது அவருக்கு எதிரேதான் நின்றுகொண்டிருந்தார்.

இப்போது அண்ணாச்சியும் அவர் மனைவியான மதினியும் கோயம்புத்தூர் பக்கம் இருக்கிறார்கள். அப்போது அண்ணாச்சி தென்காசியில் அந்த டீக்கடைக்கு மேலே ஒரு மாடி அறை வைத்திருந்தார். கடைகளுக்குச் சிசிடிவி கேமரா, திருட்டு அலாரம், ஆள் வந்தால் தானாக எரியும் விளக்கு எல்லாம் மாட்டித் தருவதுதான் தொழில். நான் சீசன் நாளில் குற்றாலத்தில் அருவிக்கரையில் படம் எடுப்பேன். சாரல் நின்றுவிட்டால் கல்யாண வீடுகளுக்குப் போவேன். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடமும் நானும் பேசிப் பிரிந்துவிட்டோம். கேமரா மட்டும் கூட வந்தது.

அண்ணாச்சியை முதலில் பார்த்தது ஐந்தருவிப் பாதையில் புதிதாகத் திறந்த ஒரு லாட்ஜில். வாசலில் கண்ணாடிக் கதவு, ஆள் பக்கத்தில் போனால் தானே திறக்கும். அதற்கான சென்சாரை அண்ணாச்சிதான் மாட்டினார். திறப்பு விழாவுக்குப் படம் எடுக்க நான் போயிருந்தேன். வேலையை முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டு அவர் வெளியே போக நடந்தார். கதவு திறக்கவில்லை. நெற்றி கண்ணாடியில் மோதி 'டொம்' என்று சத்தம் கேட்டது. இரண்டு அடி பின்னால் வந்து மறுபடி போனார். மறுபடியும் 'டொம்'.

அந்த நேரம் பார்த்து உள்ளே படுத்திருந்த தெருநாய் ஒன்று எழுந்து சோம்பல் முறித்துக்கொண்டு வாசலுக்கு நடந்தது. கதவு ராஜ மரியாதையோடு திறந்தது.

"அண்ணாச்சி, நாய் போவுது பாருங்க, அது பொறத்தாலயே போயிருங்க. கதவு மனசு மாறிரப் போவுது" என்றேன்.

லாட்ஜ் முதலாளி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அண்ணாச்சி சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. நான் சொன்னபடியே நாய்க்குப் பின்னால் வெளியே போனார். படியில் நின்று கதவைத் திரும்பிப் பார்த்தார். கூப்பிட்டும் திரும்பிப் பார்க்காத சொந்தக்காரரைப் பார்க்கிற மாதிரி இருந்தது அந்தப் பார்வை. அதைப் பார்த்ததும் என் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. நான் அவரோடு ஒட்டிக்கொண்டது அன்றைக்குத்தான்.

அவர் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. சென்சார் மாட்டினால் மாட்டியவரே முன்னால் நடந்து பார்க்க வேண்டும். விளக்கு எரிகிறதா, அலாரம் அடிக்கிறதா என்று பார்த்த பிறகுதான் ஏணியை மடக்க வேண்டும். அண்ணாச்சி மட்டும் நடக்கமாட்டார். கடைப் பையனையோ, பால்காரரையோ, கிடைத்தால் என்னையோ நடக்கச் சொல்வார். "பெரிய இவரு, நடக்க மாட்டாராம்" என்று கடைக்காரர்கள் முனகுவார்கள். காரணம் எனக்கு மட்டும்தான் தெரியும். அவர் நடந்தால் எதுவும் எரியாது.

"என்ன அண்ணாச்சி மாயம் இது?" என்று கேட்டால் விஞ்ஞானம் சொல்வார். "இது சூட்டப் பாக்குத சென்சாருலே. செவுத்துச் சூடு வேற, மனுசன் சூடு வேற. அந்த வித்தியாசந்தான் அதுக்குத் தெரியும். என் ஒடம்புல சூடு கம்மி போல. செவுரும் நானும் அதுக்கு ஒண்ணு."

ஒருநாள் கையைப் பிடித்துப் பார்த்தேன். சித்திரை மாதம், மத்தியானம், ஊரே வெந்துகொண்டிருந்தது. அவர் கை அருவிக்கரைப் பாறை மாதிரி சில்லென்று இருந்தது. விட்டுவிட்டேன்.

சூடு கம்மி என்பதைக்கூட ஒப்புக்கொள்ளலாம். என் கேமராவுக்குச் சூடும் தெரியாது, சுவரும் தெரியாது. அது முகத்தைத் தேடிப் பிடித்து மஞ்சள் கட்டம் போடும். ஆய்க்குடியில் ஒரு கல்யாணத்தில் பெண் வீட்டுக் கூட்டத்தை நிற்கவைத்துப் பார்த்தேன். கைக்குழந்தை முதல் எல்லார் முகத்திலும் கட்டம் விழுந்தது. ஒரு பொடியன் பனியனில் இருந்த புலி முகத்துக்குக்கூட ஒன்று விழுந்தது. ஓரத்தில் நின்ற அண்ணாச்சிக்கு மட்டும் விழவில்லை. அவரைச் சிரிக்கச் சொன்னேன், கிட்ட வரச் சொன்னேன். கட்டம் அவர் தோளுக்கு மேலே போய், பின்னால் வைத்திருந்த பூச்சாடியில் உட்கார்ந்துகொண்டது.

அதே கல்யாணத்தில் பந்தியிலும் அவர் பக்கத்தில் நான் உட்கார்ந்தேன். எனக்குச் சோறு விழுந்தது. அவரைத் தாண்டி அந்தப் பக்கத்து இலையில் விழுந்தது. சாம்பாரும் தாண்டியது. அவியலும் தாண்டியது. "ஏ அண்ணே, இங்கன ஒரு ஆளு இருக்காருய்யா!" என்று நான் கத்தினேன். பரிமாறுகிறவர் திடுக்கிட்டு, கரண்டியைக் கீழே போட்டுவிட்டார். அண்ணாச்சிக்கு இது பழக்கம். "விடுலே, மோருக்கு வரும்போது பாத்துக்கிடலாம்" என்றார்.

வீட்டில் மதினி இதற்கு ஒரு வழி கண்டுபிடித்திருந்தாள். அண்ணாச்சி இடுப்பில் எப்போதும் ஒரு சாவிக்கொத்து தொங்கும். பழைய பூட்டுகளின் சாவி, பீரோ சாவி, எதற்கென்றே தெரியாத சாவி, எல்லாம் சேர்த்து ஒரு கால் கிலோ இருக்கும்.

"இத்தன பூட்டா மதினி ஒங்க வீட்டுல?"

"பூட்டு ஒண்ணுதான் தம்பி. இது அவுகளுக்குக் கெட்டுன மணி. அடுக்களையில திரும்புனா பொறத்தால நிப்பாக, நான் ஒருக்கா கொதிக்கிற ரசத்தக் காலுல போட்டுக்கிட்டேன். இப்ப கலகலன்னு கேட்டா, சரி, மனுசன் இருக்காகன்னு நிம்மதி."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். கடைசி வார்த்தையில் மட்டும் சிரிப்பு இல்லை.

கேமராவைத் தானாகத் தட்டும் பெட்டியின் யோசனை என்னால்தான் வந்தது. செண்பகாதேவி அருவிக்குப் போகும் பாதையில் மலை அணில் ஒன்று மரம் விட்டு மரம் தாவும். அந்தத் தாவலைப் படம் எடுக்க ஒரு வாரம் காத்திருந்தேன். நான் பொத்தானை அமுக்குவதற்குள் அணில் அடுத்த மரத்தில் உட்கார்ந்து என்னைப் பார்க்கும். இதை அண்ணாச்சியிடம் புலம்பினேன். மறுநாள் ஒரு திருட்டு அலாரத்தைப் பிரித்து, சோப்பு டப்பாவுக்குள் அடைத்து, கேமராவோடு ஒரு வயரில் இணைத்துக் கொடுத்தார். "இத மரத்துல வச்சிட்டு நீ போய்ச் சாப்பிடு. அணிலு வந்தா அதுவே படம் எடுத்துக்கிடும்."

எடுத்தது. நான்கு காலையும் விரித்துக் காற்றில் பறக்கும் அணில், மூக்கு மயிர் வரை தெளிவாக விழுந்திருந்தது.

அண்ணாச்சி அத்தோடு நிறுத்தவில்லை. சத்தம் கேட்டால் எடுக்கிற மாதிரி, வெளிச்சம் மாறினால் எடுக்கிற மாதிரி ஒவ்வொன்றாகச் சேர்த்தார். பலூன் வெடிக்கும் நொடி, குற்றாலமலை மேலே மின்னல் கிளை விடும் நொடி, சொட்டுத் தண்ணீர் கிண்ணத்தில் விழுந்து கிரீடம் மாதிரி எழும்பும் நொடி எல்லாம் அகப்பட்டன. லேசாகப் பட்டாலே பதில் சொல்வதால் 'சிணுங்கி' என்று பெயர் வைத்தோம். பட்டாம்பூச்சிக்கும் சிணுங்கியது, எறும்புக்கும் சிணுங்கியது. அண்ணாச்சி முன்னால் போய் நின்றால் மட்டும் ஊமையாகிவிடும்.

"பேய்க்குக்கூட இது அடிக்கும் அண்ணாச்சி. ஒங்களுக்குத்தான்..." என்று ஆரம்பித்து, அவர் முகத்தைப் பார்த்துவிட்டு மீதியை விழுங்கினேன்.

இதை உலகத்துக்கே விற்கலாம் என்று சொன்னதும் நான்தான். இன்டர்நெட்டில் அதற்கென்று இடம் இருக்கிறது. இப்படி ஒரு பொருள் செய்யப்போகிறோம், வேண்டும் என்கிறவர்கள் முன்கூட்டியே பணம் போடுங்கள், செய்து அனுப்புகிறோம் என்று அறிவிக்க வேண்டும். மதினிக்கு இது பிடிபடவில்லை.

"கோயில் கொடைக்கு வரி பிரிக்கிற மாரியா தம்பி?"

"அதேதான் மதினி. சாமி இனிமேத்தான் வரணும். வரி மொதல்ல."

அறிவிப்பை அண்ணாச்சி தமிழில் சொல்லச் சொல்ல, நான் போனில் இங்கிலீஷாக மாற்றிப் போட்டேன். எல்லாம் எழுதி முடித்த பிறகு கடைசியாக ஒரு வரி சேர்க்கச் சொன்னார். 'ஒவ்வொரு பெட்டியின் முன்னாலும் அதைச் செய்தவரே நடந்து பார்ப்பார். பெட்டி அவரைக் கண்டால்தான் உங்கள் வீட்டுக்கு வரும்.'

"அண்ணாச்சி, இது வேண்டாம். நீங்க நடக்கணும்னு எந்த வெள்ளக்காரன் கேட்டான்? நான் நடக்கேன், மதினி நடக்கட்டும், கீழ டீ மாஸ்டர் நடக்கட்டும்."

"மாட்டுனவன்தாம்லே நடந்து பாக்கணும். அதான் தொழில். இத்தன வருசம் அடுத்தவன நடக்க வச்சே ஓட்டிட்டேன். அதெல்லாம் கம்பெனிக்காரன் செஞ்ச சாமான். இது நான் செஞ்சது. இதுக்காவது என்னையத் தெரியணும்."

"தெரியலன்னா?"

கையிலிருந்த வயரின் முனையைச் சீவினார். பிறகு, மின்சார வாரியம் இன்றைக்குக் கரண்டை நிறுத்துகிறது என்று சொல்கிற மாதிரிச் சாதாரணமாகச் சொன்னார். "தெரியலன்னா, நான் இல்லன்னுதானலே அர்த்தம்."

அறிவிப்போடு ஒரு வீடியோ போட வேண்டும். செய்தவர் குறுக்கே நடக்க வேண்டும், பெட்டி கேமராவைத் தட்ட வேண்டும், 'கிளிக்' என்று கேட்க வேண்டும். மாடி அறையில் காலை பத்து மணிக்கு ஆரம்பித்தோம். அண்ணாச்சி நீலச் சட்டை போட்டு, தலையைப் படிய வாரி வந்திருந்தார். நடந்தார். ஒன்றும் இல்லை. பெட்டியைத் திருகி ஏதோ மாற்றிவிட்டு நடந்தார். ஒன்றும் இல்லை. மத்தியானம் வரை நடந்தார். ஒவ்வொரு தடவை திரும்பும்போதும் அந்த லாட்ஜ் கதவைப் பார்த்த அதே பார்வை.

கேமராவைத் தொடாமல் தூரத்திலிருந்தே படம் எடுக்க என்னிடம் ஒரு ரிமோட் உண்டு, விரல் நீளம்தான். கல்யாண வீட்டில் குடும்பப் படம் எடுக்கும்போது நானும் போய் நிற்பதற்காக வாங்கியது. போனை ஒரு கையில் பிடித்து வீடியோ எடுத்துக்கொண்டே, மறுகையைச் சட்டைப் பைக்குள் விட்டேன். அண்ணாச்சி கேமராவுக்கு நேராக வந்தபோது அமுக்கினேன்.

கிளிக்.

அண்ணாச்சி அப்படியே நின்றுவிட்டார். ஒரு கால் முன்னால், ஒரு கால் பின்னால். மெல்லத் திரும்பினார்.

"ஏலே... என்னையக் கண்டுட்டுலே."

விளையாட்டுக்குச் செய்துவிட்டேன், உடனே சொல்லிச் சிரித்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான். ஆனால் அவர் முகத்தில் வந்ததைப் பார்த்த பிறகு, எத்தனை வாய் இருந்தாலும் சொல்ல முடியாது. கேமராவின் பின்பக்கம் தன் படத்தைப் பார்த்தார். பெரிதாக்கிப் பார்த்தார். "இது நான்தாம்லா?" என்றார்.

"பின்ன யாரு, நடிகனா? இந்த மூஞ்சி ஊருல வேற யாருக்கு இருக்கு?" என்றேன்.

வீடியோ போனது. எங்கெங்கேயோ இருந்து ஆட்கள் சேர்ந்தார்கள். 'செய்தவரே நடந்து பார்ப்பார்' என்ற வரிதான் அவர்களுக்கு மிகவும் பிடித்திருந்தது. அதைக் குறிப்பிட்டே எழுதினார்கள். நூற்றுச் சொச்சம் பெட்டி செய்ய வேண்டி வந்தது.

ஒரு வாரம் கழித்து வீட்டுக்குப் போனபோது மதினி என்னை அடுக்களைக்குக் கூப்பிட்டாள். "தம்பி, அவுக சாவியக் கழத்தி ஆணியில மாட்டிட்டாக. இனிமே வேண்டாமாம். மெசினுக்கே தெரியுது, ஒனக்குத் தெரியாதான்னு கேக்காக."

"நல்லதுதான மதினி?"

"நல்லதுதான்." ரசத்தைக் கிண்டினாள். "நேத்து சாயங்காலம் வீடு முழுக்கத் தேடுனேன். எம் பக்கத்துலதான் உக்காந்திருந்தாக."

அதன் பிறகு என் பிழைப்பு ரிமோட்டோடுதான். பெட்டிகள் தயாராகத் தயாராக அண்ணாச்சி ஒவ்வொன்றாக என் பழைய கேமராவில் மாட்டி, எதிரே நடப்பார். நான் ஜன்னலோரம் உட்கார்ந்து பைக்குள் அமுக்குவேன். கிளிக். "பாஸ்" என்று பெட்டியின் அடியில் பேனாவால் ஒரு கோடு போடுவார். அடுத்த பெட்டி. சில நாள் நேரம் தவறி, அவர் தாண்டிப் போன பிறகு அமுக்கிவிடுவேன். "இது கொஞ்சம் மந்தம்லே" என்று அதைத் திறந்து சரிசெய்வார். சரியாக இருந்த பெட்டி அது. சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு நாளும் படியேறுவேன். 'நான் இல்லன்னுதானலே அர்த்தம்' என்று அவர் சொன்னது காதில் விழும். பேசாமல் பைக்குள் கையை விடுவேன்.

பாதிப் பெட்டி தாண்டியபோது சுரண்டையில் ஒரு கல்யாணம் வந்தது. முன்பணம் வாங்கியாயிற்று, தட்ட முடியாது.

"ஒரு நாளு பொறுங்க அண்ணாச்சி. நான் வந்த பெறவு பாத்துக்கிடலாம்."

"நீ எதுக்குலே? பெட்டி இருக்கு, நான் இருக்கேன். பழைய கேமராவ மட்டும் வச்சிட்டுப் போ."

வைக்காமல் போக என்ன காரணம் சொல்வது? வைத்துவிட்டுப் போனேன். தாலி கட்டும்போதுகூட என் மனம் மாடி அறையில்தான் இருந்தது. முதல் பெட்டி ஊமையாக இருக்கும். இரண்டாவதும் இருக்கும். பத்தாவதில் அவருக்குப் புரிந்துவிடும். ரிமோட் என் பையில் இருந்தது. தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். சாப்பிடாமல் பஸ் ஏறினேன்.

தென்காசியில் இறங்கும்போது மூன்று மணி, வெயிலும் சாரலும் சேர்ந்து அடித்துக்கொண்டிருந்தன. சொல்லிவிடுவது என்ற முடிவோடு படியேறினேன். உள்ளே அண்ணாச்சி உட்கார்ந்திருந்தார். சுற்றிலும் பெட்டிகள். எல்லாவற்றின் அடியிலும் பேனாக் கோடு.

"முடிஞ்சிட்டுலே. எல்லாம் பாஸ். ஒண்ணுகூட மக்கர் பண்ணல."

"எல்லாமா?"

"நான் குறுக்க போவ, அது கிளிக்குங்க, நான் போவ, அது கிளிக்குங்க... கேமராவுல பாரேன்."

என் கை தானாகச் சட்டைப் பையைத் தொட்டது. ரிமோட் அங்கேதான் இருந்தது. கேமராவை எடுத்துப் பார்த்தேன்.

நான் அமுக்கி எடுத்த படங்கள் முதலில் வந்தன. நேரம் தவறியவை போக எல்லாவற்றிலும் அண்ணாச்சி இருந்தார். சட்டை, வேட்டி, ஒரு கால் முன்னால். அதற்குப் பிறகு அன்றைய படங்கள். பெட்டி தானாக எடுத்தவை. சுவர் இருந்தது, மேசை இருந்தது, ஜன்னலில் வெளிச்சம் காலையிலிருந்து மத்தியானத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்தது. ஆள் இல்லை. அடுத்த படத்திலும் இல்லை. ஒன்றிலும் இல்லை. சுவரில் தொங்கிய தினசரிக் காலண்டரின் தாள் மட்டும் ஒவ்வொரு படத்திலும் லேசாகத் தூக்கியிருந்தது, பக்கத்தில் யாரோ கடந்துபோன காற்றில் தூக்குகிற மாதிரி. அறையில் ஃபேன் கிடையாது. சாரலுக்காகக் கண்ணாடி ஜன்னல் சாத்தியிருந்தது.

"எப்படிலே விழுந்திருக்கேன்?" என்றார் அண்ணாச்சி. என் தோளுக்குப் பக்கத்தில் குனிந்து அதே படத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். முகம் முழுக்கச் சிரிப்பு.

நான் அடுத்த படத்துக்குத் தள்ளினேன், அதிலும் சுவர்தான். அந்த நேரம் மதினி ஒட்டும் டேப்பும் அட்டைப்பெட்டிகளுமாகப் படியேறி வந்தாள். என் முகத்தைப் பார்த்தாள். கேமராவை வாங்கினாள். பொத்தானை அமுக்கி ஒவ்வொன்றாகப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"நான் சொன்னேம்லா, அந்தச் சட்டைய மாத்திட்டு நில்லுங்கன்னு. காலரு மடங்கிக் கெடக்கு பாருங்க" என்றாள்.

அண்ணாச்சி வெட்கத்தோடு காலரை நீவிக்கொண்டார். "இந்தப் படத்துல மட்டும் ஏன் சிரிக்கிய?" என்று கேட்டாள். "அது... பாஸாவுதே, அந்தச் சந்தோசம்" என்று சொல்லிவிட்டு, பெட்டிகளை அடுக்கத் திரும்பினார். காலடிச் சத்தம் இல்லாமல் அறையின் அந்த ஓரத்துக்குப் போனார்.

மதினி என் பக்கம் நெருங்கி நின்றாள். படத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. எனக்கு மட்டும் கேட்கிற மாதிரிக் கேட்டாள்.

"தம்பி, படத்துல ஒனக்கு அவுகளத் தெரியுதுல்லா?"

சுவரையும் தூக்கி நின்ற காலண்டர் தாளையும் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

"தெரியுது மதினி. எல்லாத்துலயும் தெரியுது."

"அப்பம் சரி" என்று கேமராவை என்னிடம் கொடுத்துவிட்டு, முதல் பெட்டியை எடுத்து அட்டைக்குள் வைத்து ஒட்ட ஆரம்பித்தாள்.